மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களைப் பொதுமக்கள் அணுகுதல் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களைப் பொதுமக்கள் அணுகுதல் என்பது, ஒரு மாநிலத்தில் வாழ்பவர்கள் தம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரை நேரிலோ, கடிதம், தொலைபேசி, மின்னஞ்சல் வழியாகவோ தொடர்புகொள்வதையும், சட்டமன்றக் கூட்டங்களைப் பார்ப்பதையும், குழுக்களின் முன் பேசுவதையும், உறுப்பினர் அலுவலகத்தின் ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதையும் ஒருசேரக் குறிக்கும். 50 மாநிலங்களிலும் சேர்த்து 7,300க்கும் மேற்பட்ட மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் உள்ளனர். பள்ளிகள், சாலைகள், சிறைகள், ஓட்டுநர் உரிமம், தொழில் உரிமங்கள், குடும்பச் சட்டம், குற்றவியல் சட்டம் முதலிய அன்றாட வாழ்வைத் தொடும் துறைகளில் பெரும்பகுதி மாநிலங்களின் அதிகாரத்தில் இருப்பதால், இவ்வுறுப்பினர்களை அணுக முடிவது குடிமக்களுக்கு நடைமுறை முக்கியத்துவம் உடையது.

அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பு உறுதி செய்கிறது. ஆனால் முறையீட்டைச் செவிமடுக்க வேண்டும் என்ற கடமையை அது உறுப்பினர் மீது சுமத்தவில்லை. ஆகவே ஒருவரின் குரல் உண்மையில் உறுப்பினரைச் சென்றடைகிறதா என்பது தொகுதியின் அளவு, கூட்டத்தொடரின் கால அளவு, அலுவலகப் பணியாளர்கள், குழு விதிகள், ஆவணச் சட்டங்கள், கட்டடப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பொறுத்தே அமைகிறது. இவை மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடுகின்றன.

வரலாறு

அமெரிக்கா விடுதலை பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே முறையிடும் வழக்கம் அங்கு வேரூன்றியிருந்தது. மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1641 ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட உரிமைகளின் தொகுப்பு, உள்ளூரார், வெளியூரார், கட்டுண்டவர், கட்டற்றவர் என்ற வேறுபாடின்றி எவரும் பொது அவைக்கு வந்து, வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ தம் கோரிக்கையை முன்வைக்கலாம் என்று கூறியது. வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்த அக்காலத்தில், வாக்குரிமை இல்லாதவர்களுக்கும் முறையிடும் உரிமை இருந்தமை குறிப்பிடத்தக்கது.

1776 இல் இயற்றப்பட்ட பென்சில்வேனியா அரசியலமைப்பு இதனை மேலும் ஒரு படி முன்னெடுத்துச் சென்றது. பிரதிநிதிகள் கூடும் அவையின் கதவுகள், ஒழுங்காக நடந்துகொள்ளும் எவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றும், அரசின் நலன் கருதி மட்டுமே அவற்றை மூடலாம் என்றும் அது விதித்தது. பொதுவான சட்டமுன்வடிவுகள் (மசோதாக்கள்) இறுதி விவாதத்திற்கு முன்பு மக்களின் பார்வைக்காக அச்சிடப்பட வேண்டும் என்றும் அது கூறியது.

அக்காலத்தில் முறையிடும் உரிமையுடன் "பிரதிநிதிக்கு அறிவுறுத்தும் உரிமை" என்ற கருத்தும் பேசப்பட்டது. அதாவது, எவ்வாறு வாக்களிக்க வேண்டும் என்பதைத் தொகுதி மக்களே கூடித் தம் பிரதிநிதிக்குச் சொல்லலாம் என்பதாகும். 1789 இல் முதலாவது கூட்டாட்சிக் காங்கிரசு இதனை அரசியலமைப்புத் திருத்தத்தில் சேர்க்கும் முன்மொழிவை நிராகரித்தது. 1791 இல் நடைமுறைக்கு வந்த முதலாவது திருத்தத்தில் முறையிடும் உரிமை மட்டுமே இடம்பெற்றது. ஆயினும் மாசச்சூசெட்ஸ், கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களின் அரசியலமைப்புகளில் அறிவுறுத்தும் உரிமை இன்றும் எழுத்தில் உள்ளது.

சட்ட அடிப்படை

முறையிடும் உரிமையின் எல்லைகளை ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் சில தீர்ப்புகள் வரையறுத்துள்ளன. அவற்றுள் இரண்டு இங்கு முதன்மையானவை.

முதலாவது, 1963 ஆம் ஆண்டின் எட்வர்ட்ஸ் எதிர் தென் கரொலைனா வழக்கு. 1961 மார்ச் 2 அன்று கறுப்பின மாணவர்கள் தென் கரொலைனாவின் தலைநகரான கொலம்பியாவில் சட்டமன்றக் கட்டடத்தின் வளாகத்திற்கு ஊர்வலமாகச் சென்றனர். இனப் பாகுபாட்டுச் சட்டங்களுக்கு எதிரான தம் மனக்குறையைப் பொதுமக்களுக்கும் சட்டமன்றத்திற்கும் தெரிவிப்பதே அவர்களின் நோக்கம். கலைந்து செல்லுமாறு காவல்துறை இட்ட ஆணையை ஏற்காததால் அவர்கள் கைது செய்யப்பட்டனர். அமைதியைக் குலைத்த குற்றத்திற்காக 187 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் அத்தண்டனைகளை நீக்கியது. அமைதியான முறையில் சட்டமன்ற வளாகத்தில் கூடி முறையிடுவது அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்பது இத்தீர்ப்பால் நிலைபெற்றது.

இரண்டாவது, 1984 ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலக் கல்லூரி ஆசிரியர்கள் தொடர்பாக எழுந்த நைட் வழக்கு. கொள்கை முடிவெடுக்கும் அரசு அமைப்புகள் தம் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று கோரும் அரசியலமைப்பு உரிமை எவருக்கும் இல்லை என்று நீதிமன்றம் இதில் தீர்ப்பளித்தது. பேசும் உரிமை என்பது கேட்கப்படும் உரிமை ஆகாது என்பதே இதன் சாரம்.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், சட்டமன்றத்தின் வாசலில் நின்று முறையிடுபவரை அரசு தண்டிக்க முடியாது. ஆனால் அவருக்கு உள்ளே இருக்கை தரும்படி அரசியலமைப்பு கட்டாயப்படுத்துவதில்லை என்பது புலனாகும். அந்த இருக்கையைத் தருவதும் மறுப்பதும் மாநிலங்களின் சொந்தச் சட்டங்களும் அவை விதிகளும் ஆகும்.

தொகுதியின் அளவு

ஓர் உறுப்பினர் எத்தனை பேருக்குப் பிரதிநிதியாக உள்ளார் என்பது அணுகலைத் தீர்மானிக்கும் முதற்காரணி ஆகும். பின்வரும் எண்கள் 2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட சராசரிகள்.

நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 உறுப்பினர்கள் உள்ளனர். மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 13.8 இலட்சம். ஆகவே ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 3,400 பேர்.

கலிபோர்னியா கீழவையில் 80 உறுப்பினர்களும் செனட் எனப்படும் மேலவையில் 40 உறுப்பினர்களும் உள்ளனர். மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.95 கோடி. ஆகவே கீழவை உறுப்பினர் ஒருவருக்கு ஏறத்தாழ 4.9 இலட்சம் பேரும், செனட் உறுப்பினர் ஒருவருக்கு ஏறத்தாழ 9.9 இலட்சம் பேரும் உள்ளனர். கூட்டாட்சிக் காங்கிரசின் கீழவைக்குக் கலிபோர்னியா 52 உறுப்பினர்களை அனுப்புகிறது. எனவே அங்கு ஒரு மாநில செனட் உறுப்பினரின் தொகுதி, வாசிங்டன் நகருக்குச் செல்லும் கீழவை உறுப்பினரின் தொகுதியை விடப் பெரியதாகும்.

3,400 பேர் கொண்ட தொகுதியில் உறுப்பினரைக் கடைவீதியிலோ பள்ளி விழாவிலோ சந்திப்பது இயல்பாக நடக்கக்கூடியது. பத்து இலட்சம் பேர் கொண்ட தொகுதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கினாலும், நாள்தோறும் எட்டு மணி நேரம் செலவிட்டு முடிக்க ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். செனட் உறுப்பினரின் பதவிக்காலமோ நான்கு ஆண்டுகளே.

தொகுதிகளுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வு முன்னர் இதனினும் கடுமையாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் 60 இலட்சம் மக்கள் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்திற்குக் கலிபோர்னியா செனட்டில் ஒரே ஓர் உறுப்பினர் இருந்தார். ஏறத்தாழ 14,000 பேர் மட்டுமே கொண்ட மலைப்பகுதித் தொகுதிக்கும் ஓர் உறுப்பினர் இருந்தார். மாநிலச் சட்டமன்றங்களின் இரு அவைகளிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்று 1964 இல் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்பே இந்நிலை மாறியது.

கூட்டத்தொடரும் பணியாளர்களும்

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும் ஆண்டு முழுவதும் இயங்குவன அல்ல. டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில், 140 நாட்களுக்கு மட்டுமே நடைபெறும். மொன்டானா, நெவாடா, வட டகோட்டா ஆகிய மாநிலங்களும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் முறையைக் கொண்டுள்ளன. கூட்டத்தொடர் நடைபெறும் காலத்தில் உறுப்பினர் தலைநகரில் இருப்பார். ஆனால் நேரம் இராது. ஏனைய காலத்தில் நேரம் இருக்கலாம். ஆனால் அவர் தம் சொந்தத் தொழிலுக்குத் திரும்பியிருப்பார்.

ஊதியமும் இதனோடு தொடர்புடையது. நியூ ஹாம்ப்ஷயர் உறுப்பினரின் ஊதியம் 1889 முதல் ஆண்டுக்கு 100 டாலர் ஆகும். டெக்சஸ் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 7,200 டாலர் வழங்கப்படுகிறது. இதற்கு மாறாகக் கலிபோர்னியா, நியூ யோர்க், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் உறுப்பினர் பதவி முழுநேரப் பணியாகவே கருதப்பட்டு அதற்கேற்ற ஊதியம் வழங்கப்படுகிறது. கலிபோர்னியாவில் 1966 இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தமே முழுநேரச் சட்டமன்றத்திற்கு வழி வகுத்தது.

அலுவலக வசதியிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். கலிபோர்னியா உறுப்பினருக்குத் தலைநகரில் ஓர் அலுவலகமும், தொகுதியில் ஓர் அலுவலகமும், இரண்டிலும் ஊதியம் பெறும் பணியாளர்களும் உண்டு. வெர்மான்ட் மாநிலத்தில் தலைமைப் பொறுப்பில் இல்லாத உறுப்பினர்களுக்குத் தனி அறையும் இல்லை, தனிப் பணியாளரும் இல்லை. அவர்களைச் சந்திக்க விரும்புவோர் சட்டமன்றக் கட்டடத்தின் சிற்றுண்டிச்சாலையிலோ கூடத்திலோ சந்திப்பது வழக்கம். பெரிய மாநிலத்தில் உறுப்பினருக்கும் குடிமகனுக்கும் இடையே ஒரு பணியாளர் நிற்கிறார். சிறிய மாநிலத்தில் அத்தடை இல்லை, ஆனால் அங்கு கடிதங்களுக்கு விடை எழுதவும் ஆள் இல்லை.

உறுப்பினர் அலுவலகத்தின் பணிகள்

பணியாளர்களைக் கொண்ட ஓர் அலுவலகத்திற்கு வரும் தொடர்புகள் பொதுவாக இரு வகைப்படும்.

கருத்து: ஒரு சட்டமுன்வடிவை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதப்படுவது. அனுப்புநரின் முகவரி தொகுதிக்குள் உள்ளதா என்பதையே பணியாளர் முதலில் பார்ப்பார். பின்னர் ஆதரவு, எதிர்ப்பு என எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டு, பொது விடை ஒன்று அனுப்பப்படும். அச்சடித்தாற்போல ஒரே வாசகம் கொண்ட நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள் ஒரே எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுகின்றன. தம் சொந்த அனுபவத்தை விளக்கி எழுதப்படும் கடிதமே உறுப்பினரின் மேசையைச் சென்றடையும் வாய்ப்பு மிகுதி.

தனிநபர் குறை: வேலையின்மை உதவித்தொகை நிலுவை, ஓட்டுநர் உரிமத் தடை, மருத்துவ உதவித் திட்டத்தில் சேர்க்க மறுப்பு முதலியவை. இவற்றில் உறுப்பினரின் அலுவலகம் உரிய துறையைத் தொடர்புகொண்டு விளக்கம் கேட்கும். தனிப்பட்ட விவரங்களைத் துறை வெளியிட, குறை தெரிவிப்பவரின் எழுத்து மூல ஒப்புதல் தேவைப்படலாம்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்தியா போன்ற நாடாளுமன்ற முறையில் சட்டமன்ற உறுப்பினரே அமைச்சராகிறார். அமெரிக்க மாநிலங்களில் ஆட்சித்துறை தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆளுநரின் கீழ் இயங்குகிறது. எனவே உறுப்பினர் ஒரு துறை அதிகாரிக்கு ஆணையிட முடியாது. கேட்க மட்டுமே முடியும். ஆயினும் அத்துறையின் நிதி ஒதுக்கீட்டுக்கு வாக்களிப்பவர் என்பதால் அவருடைய கேள்விக்கு விரைவில் விடை கிடைக்கிறது.

குழுக்களின் முன் பேசுதல்

சட்டமுன்வடிவுகளின் தலைவிதி பெரும்பாலும் அவையில் அன்று, குழுக்களிலேயே முடிவாகிறது. ஆகவே குழுக்கள் நடத்தும் பொதுமக்கள் கருத்துக் கேட்பே சாதாரணக் குடிமகன் சட்டம் இயற்றும் பணியில் நேரடியாகக் கலந்துகொள்ளும் இடமாகும். பேச விரும்புவோர் முன்னரே பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள் ஒதுக்குவது வழக்கம்.

எல்லா மாநிலங்களிலும் எல்லாச் சட்டமுன்வடிவுகளுக்கும் கருத்துக் கேட்பு நடைபெறுவதில்லை. பல மாநிலங்களில் குழுத் தலைவர் ஒரு சட்டமுன்வடிவை எடுத்துக்கொள்ளாமலேயே காலாவதியாக விட்டுவிட முடியும். இதற்கு மாறான எடுத்துக்காட்டுகள் சில உள்ளன.

நெப்ராஸ்கா: 1937 முதல் ஒரே அவையைக் கொண்டு இயங்கும் ஒரே மாநிலம். 49 உறுப்பினர்கள் உள்ளனர். இரண்டாவது அவை இல்லாத இடத்தில் மக்களே இரண்டாவது அவையாக விளங்குவர் என்ற கருத்தின்படி, சட்டமுன்வடிவுகள் ஒவ்வொன்றுக்கும் முன்னறிவிப்புடன் கருத்துக் கேட்பு நடத்தப்படுகிறது.

கொலராடோ: 1988 இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, குழுவுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு சட்டமுன்வடிவையும் குழு எடுத்து முடிவு செய்ய வேண்டும், தலைவர் கிடப்பில் போட முடியாது. கட்சிக் கூட்டத்தில் உறுப்பினர்களின் வாக்கை முன்கூட்டியே கட்டுப்படுத்துவதையும் அத்திருத்தம் தடை செய்தது.

மாசச்சூசெட்ஸ்: குடிமக்கள் தாமே வரைந்த சட்டமுன்வடிவைத் தம் உறுப்பினர் வழியாகச் சட்டமன்றத்தில் தாக்கல் செய்யும் மரபு இங்கு உள்ளது. உறுப்பினர் அதனுடன் உடன்படாவிட்டாலும், "கோரிக்கையின் பேரில்" என்ற குறிப்புடன் அதனைத் தாக்கல் செய்யலாம்.

ஒரு மாணவரின் கடிதங்கள்

மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுவதால் என்ன விளையும் என்பதற்கு, ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் 27 ஆவது திருத்தம் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். காங்கிரசு உறுப்பினர்களின் ஊதியத்தை மாற்றும் சட்டம், அடுத்த கீழவைத் தேர்தல் முடியும் வரை நடைமுறைக்கு வரக்கூடாது என்னும் இத்திருத்தம் 1789 இல் முன்மொழியப்பட்டது. போதிய மாநிலங்கள் ஒப்புதல் அளிக்காததால் அது மறக்கப்பட்டுக் கிடந்தது.

1982 இல் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற கிரெகரி வாட்சன் என்ற மாணவர், ஒப்புதலுக்குக் காலவரையறை இல்லாததால் இத்திருத்தம் இன்னும் உயிருடன் உள்ளது என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது "சி" தரம். அவர் அத்துடன் நிற்காமல், நாடெங்கும் உள்ள மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். 1983 இல் மேய்ன் மாநிலமும், 1984 இல் கொலராடோவும் ஒப்புதல் அளித்தன. பின்னர் பல மாநிலங்கள் தொடர்ந்தன. 1992 மே மாதத்தில் தேவையான நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதல் நிறைவெய்தியது. முன்மொழியப்பட்டு 202 ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் திருத்தம் அரசியலமைப்பில் சேர்ந்தது. 2017 இல் பல்கலைக்கழகம் அவரது கட்டுரையின் தரத்தை "ஏ" என மாற்றி வழங்கியது.

ஒரு மாணவர் அனைத்து மாநிலங்களிலும் செல்வாக்குப் பெற்றிருந்ததால் இது நிகழவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் கடிதத்தைப் படித்து, தீர்மானமாகக் கொண்டுவர முன்வந்த ஓர் உறுப்பினர் கிடைத்தாலே போதுமானதாக இருந்தது.

திறந்த கூட்டங்களும் ஆவணங்களும்

1960கள், 1970களில் அரசு நடவடிக்கைகளை வெளிப்படையாக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் இயற்றப்பட்டன. புளோரிடா 1967 இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. அங்கு சட்டமன்றத்திற்கே பொருந்தும் விதி 1990 இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. இதன்படி, இரண்டுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் சட்டமன்ற நடவடிக்கை குறித்து முடிவெடுக்க முன்னேற்பாட்டுடன் கூடினால், அக்கூட்டம் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். கொலராடோ, வாசிங்டன் மாநிலங்களில் 1972 இல் வாக்காளர்களே மக்கள் முன்மொழிவின் மூலம் வெளிப்படைத்தன்மைச் சட்டங்களை நிறைவேற்றினர்.

ஏனைய அரசு அலுவலகங்களுக்கு விதிக்கும் கட்டுப்பாடுகளிலிருந்து சட்டமன்றங்கள் தம்மை விலக்கிக் கொள்வதும் உண்டு. மாசச்சூசெட்ஸில் பொது ஆவணச் சட்டம் சட்டமன்றத்திற்குப் பொருந்துவதில்லை. கலிபோர்னியாவில் சட்டமன்றத்திற்கென 1975 இல் தனி ஆவணச் சட்டம் இயற்றப்பட்டது.

வாசிங்டன் மாநிலத்தில் நிகழ்ந்தது இது பற்றிய கூர்மையான மோதலாகும். உறுப்பினர்களின் மின்னஞ்சல்களையும் நாட்குறிப்புகளையும் கேட்டு ஊடக நிறுவனங்கள் வழக்குத் தொடுத்திருந்தன. 2018 பெப்ரவரியில், தம்மைப் பொது ஆவணச் சட்டத்திலிருந்து விலக்கிக் கொள்ளும் சட்டமுன்வடிவைச் சட்டமன்றம் அறிமுகம் செய்து இரண்டே நாட்களில் நிறைவேற்றியது. பல நாளிதழ்கள் முதற்பக்கத்திலேயே கண்டனத் தலையங்கம் வெளியிட்டன. ஆயிரக்கணக்கான மக்கள் ஆளுநருக்கு எழுதினர். 2018 மார்ச் 1 அன்று ஆளுநர் ஜே இன்ஸ்லி ஒப்புதல் அளிக்க மறுத்தார். தனி உறுப்பினர்களின் அலுவலகங்கள் பொது ஆவணச் சட்டத்திற்கு உட்பட்டவை என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

தொலைவும் தொழில்நுட்பமும்

தலைநகரின் தொலைவு அணுகலுக்கு ஒரு தடையாகும். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு மாநிலத்தின் பிற பகுதிகளிலிருந்து தரைவழிச் சாலை இல்லை. விமானத்திலோ கப்பலிலோதான் செல்ல வேண்டும். ஆகவே அச்சட்டமன்றம் பல ஊர்களில் தகவல் அலுவலகங்களை நடத்தி, அங்கிருந்தபடியே தொலைபேசி இணைப்பின் வழியாக மக்கள் குழுக்களிடம் பேச வழி செய்தது. நெவாடாவில் மக்கள் பெரும்பாலும் வாழ்வது தெற்கே லாஸ் வேகஸ் பகுதியில். தலைநகரான கார்சன் சிட்டியோ வடமேற்கில் உள்ளது. இரண்டையும் காணொளி இணைப்பால் இணைத்துக் கருத்துக் கேட்பு நடத்தப்படுகிறது.

வாசிங்டன் மாநிலத்தில் சட்டமன்ற நடவடிக்கைகளை ஒளிபரப்பும் அலைவரிசை 1995 இல் தொடங்கியது. கலிபோர்னியாவில் 2016 இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, ஒரு சட்டமுன்வடிவின் இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரத்திற்கு முன்பே இணையத்தில் வெளியிடப்பட வேண்டும். பொதுக் கூட்டங்களின் ஒளிப்பதிவு 24 மணி நேரத்திற்குள் வெளியிடப்பட வேண்டும். 2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றின் போது கட்டடங்கள் மூடப்பட்டதால் பல மாநிலங்கள் இணைய வழிச் சாட்சியத்தை ஏற்கத் தொடங்கின. சிறு குழந்தைகளை உடையவர்கள், மாற்றுத் திறனாளிகள், ஒரு நாள் கூலியை இழக்க இயலாதவர்கள் ஆகியோருக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது.

சமூக ஊடகங்கள் புதிய சிக்கலைத் தோற்றுவித்தன. மிசூரி மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தம் டுவிட்டர் கணக்கிலிருந்து தொகுதிவாசி ஒருவரை விலக்கிய வழக்கில், அது தேர்தல் பரப்புரைக்கான தனிப்பட்ட கணக்கு என்று கருதிய கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், 2021 இல் உறுப்பினருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2024 இல் உச்ச நீதிமன்றம், அரசின் சார்பில் பேசும் அதிகாரம் அப்பதவிக்கு இருந்து, குறித்த பதிவில் அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தியிருந்தால் மட்டுமே அது அரசு நடவடிக்கையாகக் கருதப்படும் என்ற அளவுகோலை வகுத்தது.

பாதுகாப்பு

மாநிலச் சட்டமன்றக் கட்டடங்கள் நெடுங்காலமாக எவரும் நுழையக்கூடிய பொது இடங்களாக இருந்து வந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின்னர் பல கட்டடங்களில் உலோகச் சோதனை வாயில்கள் அமைக்கப்பட்டன, சிலவற்றில் அமைக்கப்படவில்லை. 2020 ஏப்ரல் 30 அன்று மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்திற்குள் துப்பாக்கி ஏந்திய போராட்டக்காரர்கள் நுழைந்தனர். அதுவரை அங்கு துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி நுழையத் தடை இருக்கவில்லை. 2021 ஜனவரியில் அத்தடை விதிக்கப்பட்டது.

உறுப்பினரின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் பல மாநிலங்களின் அலுவல்முறைப் பட்டியல்களில் வெளியிடப்பட்டு வந்தன. தனி அலுவலகம் இல்லாத பகுதிநேர உறுப்பினருக்கு வீடே அலுவலகம் என்பதாலும், தொகுதிக்குள் வசிக்கிறாரா என்பதை மக்கள் அறிய வேண்டும் என்பதாலும் இவ்வழக்கம் நிலவியது.

2025 ஜூன் 14 அதிகாலையில் மினசோட்டாவில் காவலர் போல் வேடமணிந்து வந்த ஒருவர் இரு உறுப்பினர்களின் வீடுகளில் துப்பாக்கிச் சூடு நடத்தினார். அவையின் முன்னாள் அவைத்தலைவர் மெலிசா ஹோர்ட்மனும் அவரது கணவரும் கொல்லப்பட்டனர். செனட் உறுப்பினர் ஜான் ஹாஃப்மனும் அவரது மனைவியும் படுகாயமடைந்தனர். இதனைத் தொடர்ந்து சில மாநிலங்கள் உறுப்பினர்களின் வீட்டு முகவரிகளைத் தம் இணையத்தளங்களிலிருந்து நீக்கின.

இந்நிகழ்வு இரு நியாயமான தேவைகளை எதிரெதிரே நிறுத்தியது. கதவைத் தட்டி வருபவரை அஞ்ச வேண்டிய நிலையில் பொதுப்பணிக்கு வர எளியவர் எவரும் தயங்குவர். அதே வேளையில் முகவரியும் சந்திப்பும் மறைக்கப்பட்டால், உறுப்பினரை வேறு வழிகளில் அறிந்தவர்களே அவரை எளிதில் சந்திப்பர். வீட்டு முகவரியை நீக்கும்போது, தொகுதியில் குறித்த நேரத்தில் திறந்திருக்கும் அலுவலகத்தை ஏற்படுத்துவது இதற்கு ஒரு தீர்வாக முன்வைக்கப்படுகிறது. ஆனால் அதற்கு நிதி தேவை.

விமர்சனங்கள்

சட்டப்படி அனைவருக்கும் ஒரே உரிமை இருந்தாலும், நடைமுறையில் அணுகல் சமமாக இல்லை என்பது முதன்மையான விமர்சனமாகும். லாபியிஸ்டுகள் எனப்படும் ஊதியம் பெறும் ஆதரவு திரட்டுநர்கள் கூட்டத்தொடர் முழுவதும் தலைநகரிலேயே இருப்பர். எந்தக் குழு எப்போது கூடும், எந்தப் பணியாளர் எந்தச் சட்டமுன்வடிவைப் பார்க்கிறார் என்பனவெல்லாம் அவர்கள் அறிந்தவை. இவர்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊதியமின்றித் தம் சார்பில் பேசும் குடிமக்களுக்குப் பொதுவாக அத்தேவை இல்லை. விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆதரவு திரட்டுநர் ஓர் உறுப்பினருக்கு ஒரு கோப்பை காப்பி கூட வாங்கித் தர முடியாத அளவுக்குக் கடுமையான விதி உள்ளது.

கருத்துக் கேட்பு பல நேரங்களில் வெறும் சடங்காகிவிடுகிறது என்பது மற்றொரு விமர்சனம். முடிவு கட்சித் தலைமையால் முன்னரே எடுக்கப்பட்டிருக்கலாம். நூற்றுக்கணக்கானோர் பதிவு செய்து காத்திருந்தும், நேரம் முடிந்ததென்று பலர் பேசாமலே திரும்ப நேர்வதும் உண்டு.

ஆயினும் குழுவின் முன் பேசப்படுபவை பதிவாகின்றன. அன்று தோல்வியுற்ற கருத்தும் அடுத்த கூட்டத்தொடரில் எடுத்தாளப்படக் கூடியது. கேட்க வேண்டிய கடமை அரசியலமைப்பில் இல்லாத நிலையில், மாநில மக்கள் வாக்கெடுப்பின் வழியாகவும் சட்டமன்ற விதிகளின் வழியாகவும் நீதிமன்ற வழக்குகளின் வழியாகவும் அக்கடமையைச் சிறிது சிறிதாக உருவாக்கி வந்துள்ளனர். கொலராடோவின் 1988 திருத்தமும், கலிபோர்னியாவின் 72 மணி நேர விதியும், வாசிங்டன் மாநிலத்தின் 2019 தீர்ப்பும் அவ்வாறு பெறப்பட்டவையே.